சீட்டுப் பணம் ரெண்டு லட்சம், உப்பு பூத்த செவுரு, எங்க மேஸ்திரி

எங்க வீடு வடசென்னைல, பழைய வண்ணாரப்பேட்டைல, எம்.சி. ரோட்டுலேருந்து உள்ள திரும்புனா ரெண்டு ஆட்டோ எதிரெதிரா வந்தா யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தே ஆகணும்ங்கற மாதிரி ஒரு சந்து. தாத்தா வாங்குனப்பவே பழைய வீடு. ரெண்டு பக்கமும் பொதுச் செவுரு, நடுவுல துண்டு முத்தம், முன்னாடி ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு திண்ணை. முன்ன ரோட்டுலேருந்து மூணு படி ஏறி வீட்டுக்குள்ள போவோம், ரோடு மேல ரோடு போட்டு போட்டு இப்ப ஒரு படிதான் மிச்சம், அதுவும் அரைப்படி.

2023 செப்டம்பர்ல அம்மா சீட்டு எடுத்தாங்க, தள்ளு போக கைக்கு ரெண்டு லட்சம். "இத வச்சி வீட்ட பாக்குற மாதிரி பண்ணுடி, தீபாவளிக்கு உன் மாமாலாம் வராங்க"ன்னு எங்கிட்ட குடுத்தாங்க. நான் என்ன பண்ணேன்னா, போன்ல வீடியோ பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். பாத்துட்டு ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டர புடிச்சேன், அவரு வந்து நின்ன இடத்துலேருந்தே செவுர ஒரு சுத்து பாத்துட்டு செவுர வழவழன்னு ஆக்க ரெண்டு கோட்டு பட்டிப் பூச்சு, ஒரு பிரைமர், ரெண்டு கோட்டு எமல்ஷன்னு சொன்னாரு, நானும் சரின்னேன். ஹால்ல ஒரு செவுருக்கு மட்டும் செங்கல் டிசைன் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுனேன். யோசிச்சு பாருங்க, நெஜமான செங்கல் செவுரு மேல செங்கல் படம் போட்ட பிளாஸ்டிக். அப்ப எனக்கு அது காமெடியாவே தெரியல.

மொத்தம் 41,000. தீபாவளிக்கு வீடு ஜம்முனு இருந்துச்சு, மாமா கூட போட்டோ எடுத்துகினு போனாரு.

டிசம்பர் 3ந்தேதி நைட்டு மிக்ஜாம் புயல் மழை புடிச்சுது. மறுநாள் சாக்கடைத் தண்ணியும் மழைத் தண்ணியும் சேந்து அந்த அரைப்படிய தாண்டி உள்ள வந்துச்சு, கரண்ட் இல்ல, அரிசி மூட்டைய பரண்ல ஏத்திட்டு கட்டில் மேலயே உக்காந்துகினு இருந்தோம். அது எல்லாருக்கும் நடந்த கதைதான், வடசென்னைல இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேணாம். என் கதை தண்ணி வடிஞ்சதுக்கு அப்புறம். ஒரு பத்து நாள்ல கீழ்ப்பக்கம் செவுரு பூரா பூரி மாதிரி உப்ப ஆரம்பிச்சுது, கைய வச்சா பட்டி பொலபொலன்னு உதிருது, உள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி உப்பு. ஸ்டிக்கரு தோசைக்கல்லுலேருந்து தோசை எழும்பற மாதிரி அழகா முழுசா வந்துருச்சு. பின்னாடி ஒரே பூஞ்சை. கான்ட்ராக்டருக்கு போன் அடிச்சா "வெள்ளத்துக்கெல்லாம் வாரன்ட்டி இல்ல மேடம்"ன்னுட்டாரு. அவரு சொன்னதுலயும் தப்பு இல்ல, ஆனா வெள்ளம் வராத ரூம்லயும் மேல்பக்கம் உப்பிருக்கே அதுக்கு என்னன்னு கேட்டேன், சிக்னல் இல்லன்னு கட் ஆயிருச்சு.

அப்புறம்தான் அம்மா மேஸ்திரிய கூட்டினு வந்தாங்க. எழுபது வயசு தாண்டுனவரு, எங்க தாத்தாவ தெரியும், இப்ப வேலைக்கு அதிகமா போறதில்ல. வந்தவரு பட்டி உரிஞ்ச இடத்துல வெரல தேச்சி நாக்குல வச்சி பாத்தாரு. நான் "அய்யய்ய"ன்னேன். அவரு, "உப்பு கரிக்குது பாப்பா. இது சுண்ணாம்பு செவுரு. மூச்சு உட்ற செவுரு. அதும்மேல நீ சிமென்ட்டும் பிளாஸ்டிக்கும் போட்டு வாய பொத்திகீற, அது இன்னா பண்ணும்?"னாரு.

நான் இதுக்கப்புறம் நெறைய படிச்சேன், அவரு சொன்னது அப்படியே சரி. நம்ம பழைய வீடுங்கள்ல ஈரம் மேல ஏறாம தடுக்கறதுக்கு அஸ்திவாரத்துக்கு மேல எந்த தடுப்பும் வச்சிருக்க மாட்டாங்க, அதனால தரைல இருக்கற ஈரம் செங்கல் வழியா மேல ஏறிகினே இருக்கும், அதத்தான் ஓதம்னு சொல்றது. சுண்ணாம்புப் பூச்சா இருந்தா அந்த ஈரம் செவுத்து முகத்துல வந்து காத்துல காஞ்சி போயிரும். சிமென்ட்டு பூச்சு, பட்டி, எமல்ஷன்லாம் கெட்டியா அடைச்சிரும், ஈரம் வெளிய வர வழி இல்லாம இன்னும் மேல ஏறும், ஈரத்துல கரைஞ்சிருக்கற உப்பு பெயின்ட்டுக்கு அடில போய் படிகமாகி பெருசாகும், பெருசாகும்போது பூச்சையே தள்ளி உதுத்துடும். கடல் காத்து வேற, காசிமேடு கடற்கரை எங்க வீட்டுலேருந்து பக்கம்தான், உப்புக்கு பஞ்சமா. ஸோ நான் 41,000 குடுத்து செவுத்துக்கு வியாதிய வாங்கி குடுத்திருக்கேன்.

நான் உடனே செவுர எப்ப ஆரம்பிக்கலாம்னு கேட்டேன். மேஸ்திரி செவுர திரும்பிக்கூட பாக்கல. "மொதல்ல மேல போலாம் வா"ன்னு மொட்டமாடிக்கு ஏறிட்டாரு. பட்ஜெட்ல பழைய வீடு ரிப்பேர் பண்றேன்னு எங்கிட்ட இப்ப யார் கேட்டாலும் நான் அந்த "மேல போலாம் வா"வத்தான் சொல்றேன், கலர் கார்டு காட்டுனா மூடி வைக்க சொல்லிடறேன்.

எங்க வீட்டு மாடி கான்கிரீட் இல்ல, கட்டகுத்து மாடி. மெட்ராஸ் டெரஸ்னு இன்ஜினியருங்க சொல்வாங்க. கீழருந்து பாத்தா வரிசையா தேக்குக் கட்டை தெரியும், அதுக்கு மேல சின்ன ஒல்லிச் செங்கல்ல கோணவாட்டத்துல குத்துவசமா நிக்க வச்சி சுண்ணாம்புல அடுக்கிருப்பாங்க, அதும்மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு அடிஅடின்னு அடிச்சி கெட்டிப்படுத்தி, கடைசியா தட்டையான ஓடு பதிச்சிருப்பாங்க. கம்பியே கிடையாது. பழைய ஜார்ஜ் டவுன், ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீடு நெறைய இப்படித்தான் நிக்குது, வெயில்ல உள்ள சூடு கம்மியா இருக்கறதும் இதனாலதான். ஆனா ஓட்டு இடுக்குல தண்ணி எறங்குனா கதை முடிஞ்சுது, நேரா போய் கட்டையோட முனையில, அது செவுத்துக்குள்ள ஏறுற எடத்துல ஊறி நிக்கும், நம்ம கண்ணுக்கு தெரியாமலே அங்க மக்கும்.

மாடில அவரு காட்டுனது மூணு விஷயம்.

கைப்பிடிச் செவுத்துல அரசங்கன்னு. நான் வருஷா வருஷம் அத உடைச்சி போட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சிகினு இருந்தேன், அது ஒவ்வொரு தடவையும் உள்ள வேர தடிமனாக்கிகினு இருந்திருக்கு. நாலு வரி செங்கல் பிரிச்சாங்க, வேரு என் சுண்டுவெரல் சைசுக்கு ரெண்டடி நீளம். வேர மொத்தமா எடுத்துட்டு அந்த எடத்த திரும்ப கட்டுனாதான் உண்டு, மேல வெட்டறது முடி வெட்டற மாதிரிதான்.

ரெண்டாவது வாட்டம். ஒரு குடம் தண்ணிய மாடில ஊத்த சொன்னாரு, எது தண்ணி வெளிய எறங்கற தாரைப் பக்கம் ஓடுது எது தேங்குதுன்னு சாக்பீஸ்ல கோடு போட சொன்னாரு. இத யார் வேணா பண்ணலாம், பைசா செலவு இல்ல. எங்க மாடில மூணு எடத்துல குளம். அந்த மூணுக்கும் நேரா கீழதான் அம்மா வருஷா வருஷம் பக்கெட் வைக்கற எடம்!

மூணாவதுதான் எனக்கு வயித்த கலக்குச்சு. பிளாஸ்டிக் தண்ணி டேங்க், 1000 லிட்டர். அத நாங்க எங்க வச்சிருந்தோம்னா ஹாலுக்கு நேர் மேல நட்ட நடுவுல, ஏன்னா குழாய் அங்கருந்து சுலபமா எறங்குதுன்னு. 1000 லிட்டர்னா ஆயிரம் கிலோ, ஒரு சின்ன காரு. ஒரு காரத் தூக்கி நூறு வருஷத்து மரக்கட்டை நடு முதுகுல வச்சிட்டு, கீழ உக்காந்து டிவி பாத்துகினு இருந்திருக்கோம். ஹால்ல ஒரு கட்டை லேசா வளைஞ்சிருக்கறத நான் சின்ன வயசுலேருந்து பாக்கறேன், அது டிசைன்னு நெனச்சேன் (சத்தியமா).

இங்க ஒன்னு சொல்லிடறேன். கட்டை விஷயத்துல மேஸ்திரியே "நான் மட்டும் சொல்லக்கூடாது, படிச்ச ஆள் யாராவது பாக்கட்டும்"ன்னாரு. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டினு வந்தோம், 2,500 ரூபா வாங்குனாரு. அவரு ஸ்க்ரூடிரைவரால ஒவ்வொரு கட்டை முனையையும் குத்திப் பாத்தாரு, நல்ல தேக்குல அது எறங்காது, மக்குனதுல வெண்ணெய்ல எறங்கற மாதிரி எறங்கும். பதினொன்னுல ரெண்டுதான் மோசம். ஒன்னு டேங்க் கட்டை. கட்டைய மாத்தணும்னா மேல மாடியவே பிரிக்கணும், அதுக்கு எங்க சீட்டு பத்தாது, இன்னொரு சீட்டும் பத்தாது. அதனால மக்குன கட்டைக்கு ரெண்டு பக்கமும் இரும்பு சேனல் குடுத்து போல்ட் போட்டு, சேனல் செவுத்துல நல்ல எடத்துல உக்கார்ற மாதிரி பண்ணோம். கடல் காத்துக்கு இரும்பு தாங்காதுன்னு பிரைமர் ரெண்டு கோட்டு. இன்ஜினியர் ஃபீஸும் சேத்து 17,500. டேங்க்க குறுக்குச் செவுத்துக்கு நேர் மேல தள்ளியாச்சு, குழாய்க்கு எக்ஸ்ட்ரா எட்டடி பைப்பு, அவ்ளோதான்.

மாடிக்கு மொத்தமா மேல ஒரு கெமிக்கல் கோட்டிங் அடிச்சிரலாம், ஒரே நாள் வேலைன்னு ஒரு கம்பெனி ஆளு வந்து பேசுனாரு. மனசு அலைஞ்சுது, உண்மைய சொல்றேன். ஆனா ஒரு தடவ வாய பொத்தி பட்டதே போதும்னு, மேஸ்திரி சொன்ன வழிக்கே போனேன். ஆடுற ஓட்ட மட்டும் எடுத்தாங்க, தேங்குன எடத்துல வாட்டம் ஏத்துனாங்க, மத்த ஓடு எல்லாத்துக்கும் இடுக்க சுரண்டி சுண்ணாம்பும் செங்கத்தூளும் கலந்து அடைச்சாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணிலதான் கலவை. ஒரு வாரம் மொட்டமாடி பூரா சித்த மருந்துக்கடை வாசனை. மூணு ஆளு பதினோரு நாள், பொருளோட சேத்து 58,000. சீட்டுப் பணத்துல பெரிய துண்டு இதுதான், இதுக்கு போட்டோ எடுத்து போடறதுக்கு ஒன்னுமே இல்ல, பாத்தா பழைய ஓடு பழைய ஓடாத்தான் இருக்கு. மாமா வந்து "இன்னும் ஆரம்பிக்கலயா?"ன்னாரு.

அதுக்கப்புறம்தான் செவுரு. கீழருந்து நாலடி வரைக்கும் பட்டி, சிமென்ட் பூச்சு எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு, செங்கல் தெரிய ரெண்டு மாசம் அப்படியே காய விட்டோம். ஜனவரிலேருந்து மார்ச் வரைக்கும் வீடு குண்டு போட்ட எடம் மாதிரி. யார் வந்தாலும் அம்மா வாசல்லயே நிக்க வச்சி பேசி அனுப்பிட்டாங்க. உப்பு வெளிய வர வர வெறும் பிரஷ்ஷால தட்டி முறத்துல அள்ளிக் கொட்டணும், தண்ணி போட்டு கழுவக்கூடாது, கழுவுனா திரும்ப உள்ளயே எறங்கிரும். இந்த வேலைய நானே பண்ணேன், டெய்லி ஆபீஸ்லேருந்து வந்து அரை மணி நேரம்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு தேடறதுதான் பெரும்பாடா இருந்துச்சு. ஹார்டுவேர் கடைல கேட்டா கோலப்பொடிய காட்டறான். கடைசில மேஸ்திரியே ஒரு எடம் கண்டுபுடிச்சாரு, பழவேற்காடு பக்கத்துலேருந்து வருதுன்னு கடைக்காரர் சொன்னாரு. ஒரு காலத்துல இந்த சிப்பி சுண்ணாம்புலதான் மெட்ராஸ் கட்டடங்க செவுரு பளிங்கு மாதிரி பளபளன்னு இருந்துச்சாம், அத வெள்ளக்காரங்க மெட்ராஸ் சுனம்னு எழுதி வச்சிருக்காங்க, நம்ம சுண்ணாம்புதான் அவங்க வாய்ல சுனம் ஆயிருக்கு. இப்ப அதே ஊர்ல அத வாங்க நாலு நாள் அலையறோம். தாளிக்கும்போது, அதாவது சுட்ட சுண்ணாம்ப நீத்தும்போது, டிரம்முல தண்ணிக்குள்ள அத போட்டா அடுப்பே இல்லாம கொதிக்கும், தெறிச்சா கண்ணு போயிரும், அதனால கண்ணாடி போட்டுகினு, பசங்கள எல்லாம் தெருமுனைக்கு தொரத்திட்டு பண்ணோம். மூணு வாரம் ஊறவச்சி, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு மணல், மெல்லிசா ரெண்டு தடவ பூச்சு. சிமென்ட் மாதிரி ஒரே நாள்ல இறுகாது, காத்துலேருந்து கார்பன் டை ஆக்சைடு இழுத்து இழுத்து மாசக்கணக்குல கெட்டியாகும், மொதல் கொஞ்ச நாள் வெயில் படற பக்கம் ஈரச் சாக்கு தொங்கவிடணும். மேல பெயின்ட் கிடையாது, சுண்ணாம்பு வெள்ளைதான் அடிச்சோம், நீலம் ஒரு துளி போட்டு. 31,000 ஆச்சு.

கறுப்பு சட்டை சாஞ்சா வெள்ளையாயிரும், அது ஒரு தொல்லை. பொங்கலுக்கு பொங்கல் திரும்ப அடிக்கணும், ஒரு நாள் வேலை, 600 ரூபா. அம்மா சொல்றாங்க, "அதுக்குத்தானடி போகி வருது".

வயரிங் 24,000. அதுல பேரம் பேசாதீங்க. ஈரச் செவுத்துல பழைய வயரு இருந்தா செவுரே ஷாக் அடிக்கும், 30 மில்லியாம்ப் கரண்ட் லீக்கேஜ் ஆனாலே தானா ட்ரிப் ஆகற சாமான (ஆர்.சி.சி.பி.) மொதல்ல மாட்டிட்டுதான் மத்த வேலை.

இப்ப கைல மிச்சம் 28,500. இதுலதான் அலங்காரம், நான் ஆரம்பத்துல நெனச்ச வேலை!

வாசக்கதவு மேல நாலஞ்சு கோட்டு பெயின்ட் இருந்துச்சு, மேல பிரவுன், அப்புறம் ஆகாச நீலம், அதுக்கும் கீழ ஒரு தடிச்ச பச்சை. தாத்தா ஹார்பர்ல வேலை பாத்தவரு. எங்க சந்துல அவரு காலத்து ஆளுங்க வீட்டு ஜன்னல் கம்பி எல்லாமே அதே பச்சை, அது எங்கருந்து வந்துச்சுன்னு அம்மாகிட்ட கேட்டா "காபி குடிக்கிறியா"ன்னு பேச்ச மாத்தறாங்க. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம்ங்கறதால வறட்டு உப்புத்தாள் போட்டு தேய்க்கக்கூடாது, தூசி உடம்புக்குள்ள போனா குறிப்பா குழந்தைங்களுக்கு ரொம்ப ஆபத்து. ரிமூவர் தடவி ஊறவிட்டு ஸ்க்ரேப்பரால வழிச்சி, மிச்சத்த ஈரம் பண்ணி தேச்சேன், மாஸ்க் போட்டுகினு. மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. உள்ள தேக்கு. ஆசாரி வந்து கீலு மாத்தி அடில மக்குன ஆறு அங்குலத்துக்கு மட்டும் இடிச்ச வீட்டு மரம் விக்கிற கடைலேருந்து துண்டு வாங்கி ஒட்டுப்போட்டாரு, ரெண்டும் வேற வேற கலர்ல இருக்கு, நான் வேணும்னே வார்னிஷ் போட்டு மறைக்கல.

ஜன்னல் கம்பிக்கு மட்டும் அதே பச்சை கேட்டு கடை கடையா ஏறுனேன். கிடைக்கல, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்னு.

தரை ரெட் ஆக்சைடு, அங்கங்க விரிசல். எல்லாரும் ஆத்தங்குடி கல்லு போடுன்னாங்க, அவங்கவங்க காசுல போட்டுக்கலாம். விரிசல ஆக்சைடு கலந்து அடைச்சோம், கலர் சேரவே சேராது, முன்னாடியே சொல்லிடறேன். தேங்காண்ணெய் போட்டு துணியால தேச்சா போதும், ஒரு மாசத்துல ஒட்டுத்தையல் மாதிரி பழகிருது. பட்டிக்காரர் மூடி வச்ச மாடக்குழிய திரும்ப தொறந்தோம், இப்ப அதுல சின்ன பல்பு, ராத்திரில ஹாலுக்கு அதுவே போதும். தேவராஜ முதலி தெருல ஒரு பெரிய கண்ணாடி வெட்டி வாங்குனேன், முத்தத்து வெளிச்சம் படற மாதிரி எதிர்ச் செவுத்துல மாட்டுனதுல இருட்டு ரூம்ல பகல்ல லைட் போடறது நின்னுருச்சு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் மொதல்ல பேசறது அந்தக் கண்ணாடியப் பத்திதான். 58,000 ரூபா மாடியப் பத்தி ஒருத்தரும் கேக்கல.

2024 அக்டோபர் நடுவுல ரெட் அலர்ட் குடுத்த ரெண்டு நாள் மழை ஞாபகம் இருக்கும். அம்மா பழக்கத்துல மூணு பக்கெட்டையும் அதே மூணு எடத்துல வச்சிட்டு படுத்தாங்க. நான் டார்ச்ச வச்சிகினு மேல கட்டையவே பாத்துகினு உக்காந்திருந்தேன். ஹால் ரெண்டு பக்கெட்டும் காலி. உள்ரூம் பக்கெட்டும் காலி, ஆனா அதுக்கு ரெண்டடி தள்ளி பொதுச் செவுரு ஓரமா கோடு மாதிரி வழியுது. காலைல மாடிக்கு போய் பாத்தா எங்க பக்கம் சுத்தமா இருக்கு, பக்கத்து வீட்டு கைப்பிடிச் செவுத்துல அந்தப் பக்கமா அரசங்கன்னு, நல்லா ஆளுயரம்.

பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட சொன்னேன். "அரச மரம்மா, வெட்டுனா பாவம், தை பொறக்கட்டும் பாத்துக்கலாம்"ன்னாரு. எந்த தைன்னு சொல்லல. மேஸ்திரி மட்டும் கேட்டுட்டு சிரிச்சாரு, "நீ அவர மொதல்ல ஒரு தடவ மேல கூட்டினு போ"ன்னாரு. அங்கிளுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டாரு. இப்ப நான் போன்ல வீடியோ எடுத்து வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை காட்டணும்.